மரபணுத் தொடர்பு ஆய்வுக்கு ஒரு கை வர்க்கச் சோதனை ஏன் போதாது?

“ஒரு நோய் உள்ளவர்கள் ஆயிரம் பேர், இல்லாதவர்கள் ஆயிரம் பேர். இவர்களுடைய டி.என்.ஏ.வில் காணப்படும் ஒவ்வொரு மாறுபாட்டுக்கும் ஒரு கை வர்க்கச் சோதனை செய்தால், எது நோயோடு தொடர்புடையது என்று தெரிந்துவிடாதா? முதன்மைக் கூறுகள், கலப்பு மாதிரிகள் என்று இத்தனை ஏற்பாடுகள் எதற்கு?” என்பது கேள்வி. புள்ளியியலின் அடிப்படை அறிந்த எவருக்கும் எழக்கூடிய நியாயமான ஐயம் இது. கை வர்க்கச் சோதனை (chi-square) என்பது இரு குழுக்களிடையே காணும் எண்ணிக்கை வேறுபாடு தற்செயலானதா என்று பார்க்கும் கணக்கு. கணக்கைப் பொறுத்தவரை அந்தச் சோதனையில் பெரிய குறை ஒன்றும் இல்லை. குறை அதற்கு முந்தைய படியில் இருக்கிறது: இந்த ஆயிரம் பேரும் அந்த ஆயிரம் பேரும் ஒன்றோடொன்று ஒப்பிடத் தக்கவர்கள்தானா? இத்துறையில் கடந்த 30 ஆண்டுகளில் உருவான முறைகளில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியைச் சமாளிப்பதற்காகவே பிறந்தது என்பது என் கருத்து.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். டி.என்.ஏ.வில் நாம் எடுத்துக்கொள்ளும் இடத்தில் ஓர் எழுத்து சிலருக்கு ஒன்றாகவும் சிலருக்கு வேறாகவும் இருக்கிறது. அந்த இரு வடிவங்களையே அல்லீல்கள் என்கிறோம். ஒருவருக்குத் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதிகள் இருப்பதால், குறிப்பிட்ட அல்லீல் அவரிடம் 0, 1 அல்லது 2 முறை இருக்கும். நோயாளிகளிடம் உள்ள அல்லீல்களையெல்லாம் ஒரு குவியலாகவும் மற்றவர்களுடையதை இன்னொரு குவியலாகவும் எண்ணி, இரண்டுக்கு இரண்டு அட்டவணை போடுவதுதான் பலர் முதலில் கற்கும் வழி. இதில் ஆயிரம் பேர் இரண்டாயிரம் அல்லீல்களாகிவிடுகிறார்கள். ஒருவரின் இரண்டு அல்லீல்களும் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானம், அதாவது ஹார்டி, வைன்பெர்க் இருவரும் 1908-இல் தனித்தனியாகக் கண்டு சொன்ன சமநிலை, அங்கே சத்தமில்லாமல் நுழைந்துவிடுகிறது. அது பொய்த்தால் சோதனையும் பொய்க்கும். ஆகவே அல்லீலை விட்டு ஆளையே அலகாகக் கொண்டு, 0, 1, 2 என்ற வரிசையில் நோயின் விகிதம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கும் ஆர்மிடேஜின் போக்குச் சோதனை மேலானது. அதையே விரிவாக்கினால் லாஜிஸ்டிக் தொடர்புப் போக்கு (logistic regression) கிடைக்கிறது. வயது, பாலினம் போன்றவற்றையும் உள்ளே சேர்த்துக்கொண்டு, ஒரு பிரதி கூடும்போது நோயின் ஆட்ஸ் (நோய் இருக்கும் வாய்ப்பை இல்லாத வாய்ப்பால் வகுத்தது) எத்தனை மடங்காகிறது என்பதை அது சொல்லும். உயரம், இரத்த அழுத்தம் போன்ற அளவிடத்தக்க பண்புகளுக்கு நேர்கோட்டுத் தொடர்புப் போக்கு. கணக்கு இவ்வளவுதான்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். கற்பனையாக இரண்டு மக்கள்குழுக்களை வைத்துக்கொள்ளுங்கள். முதல் குழுவில் ஓர் அல்லீலின் விகிதம் 80 சதவீதம், இரண்டாவதில் 20 சதவீதம். அந்த அல்லீலுக்கும் நோய்க்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் உணவுமுறையாலோ வறுமையாலோ வேறு எதனாலோ முதல் குழுவில் நோய் அதிகம். ஆகவே நாம் திரட்டிய ஆயிரம் நோயாளிகளில் 800 பேர் முதல் குழுவினர், 200 பேர் இரண்டாம் குழுவினர். நோயற்ற ஆயிரம் பேரில் 400 பேர் முதல் குழு, 600 பேர் இரண்டாம் குழு. எண்ணிப் பார்த்தால் நோயாளிகளின் 2000 அல்லீல்களில் 1360, மற்றவர்களின் 2000-இல் 880. ஆட்ஸ் விகிதம், அதாவது ஒரு குழுவின் ஆட்ஸை மற்றதன் ஆட்ஸால் வகுத்தது, 2.7 (வேறுபாடே இல்லையென்றால் 1); கை வர்க்க மதிப்பு ஏறத்தாழ 234. இவ்வளவு பெரிய மதிப்பைத் தற்செயல் என்று யாரும் தள்ளிவிட மாட்டார்கள். அது தற்செயலும் இல்லைதான். ஆனால் அதற்குக் காரணம் நோய் அன்று, நாம் ஆட்களைத் திரட்டிய விதம். குழுவைப் பிரித்துத் தனித்தனியாகக் கணக்கிட்டால் இரண்டிலும் ஆட்ஸ் விகிதம் சரியாக 1.

இது வெறும் வகுப்பறைக் கற்பனை என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா முதலிய பூர்வகுடி மக்களிடம் நடந்து 1988-இல் வெளியான ஆய்வில், நோயெதிர்ப்புப் புரதத்தோடு தொடர்புடைய ஒரு மரபணுத் தொகுப்பு உள்ளவர்களில் சுமார் 8 சதவீதத்தினருக்கும், இல்லாதவர்களில் 29 சதவீதத்தினருக்கும் இரண்டாம் வகை நீரிழிவு இருந்தது. நீரிழிவிலிருந்து காக்கும் மரபணு கிடைத்துவிட்டது என்று அறிவிக்கப் போதுமான வேறுபாடு. உண்மையில் அந்தத் தொகுப்பு ஐரோப்பியக் கலப்பின் அடையாளம் மட்டுமே. கலப்பு அதிகமானவர்களிடம் நீரிழிவு குறைவாக இருந்தது. ஒவ்வொருவரின் பூர்வகுடி வம்சாவளியும் எத்தனை பங்கு என்று பிரித்து வைத்துப் பார்த்ததும் வேறுபாடு ஏறக்குறைய மறைந்துபோயிற்று. அந்த ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள் என்பதால்தான் அந்த ஆய்வு இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது.

‘ஒரே இனத்தவர்’ என்று நாம் கருதும் கூட்டத்துக்குள்ளும் இது நிகழும். ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களிடம் 2005-இல் செய்த ஓர் ஆய்வில், வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்க உதவும் லாக்டேஸ் மரபணு மாறுபாடு உடலின் உயரத்தோடு மிக வலுவாகத் தொடர்புபட்டது. பால் குடித்தால் உயரம் கூடும் என்று கதை கட்டுவது எவ்வளவு எளிது! அந்த மாறுபாடு வட ஐரோப்பாவில் மிகுதி, தென்கிழக்கு ஐரோப்பாவில் குறைவு; உயரமும் அப்படியே. தாத்தா பாட்டிகள் எங்கிருந்து வந்தவர்கள் என்று பார்த்து, ஒத்த பின்னணியினரை இணைசேர்த்து ஒப்பிட்டதும் தொடர்பு பெருமளவு தளர்ந்துவிட்டது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் தற்செயல் பிழை குறையும்; இந்த வகைப் பிழை குறையாது. மாறாக, சிறிய மாதிரியில் கண்ணுக்குத் தெரியாத கலப்பு வேறுபாடுகூடப் பெரிய மாதிரியில் ‘மிக முக்கியமான முடிவு’ என்ற வேடத்தில் மேலே வந்து நிற்கும். பெரிய மாதிரி என்றாலே நம்பகமானது என்று எண்ணுபவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான்.

இதற்குக் கண்ட தீர்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது, 1993-இல் ஸ்பீல்மன், மெக்கின்னிஸ், யூவன்ஸ் மூவரும் முன்வைத்த கடத்தல் சோதனை. வெளியாள் எவரையும் ஒப்பீட்டுக்கு அழைக்காமல், நோயுள்ள பிள்ளையின் பெற்றோரையே ஒப்பீட்டுக் குழுவாக்கிவிடுகிறது இது. ஒரு பெற்றோரிடம் இரண்டு வேறுபட்ட அல்லீல்கள் இருந்தால், பிள்ளைக்கு எது போகும் என்பது நாணயம் சுண்டுவது போன்றது. நோயுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு குறிப்பிட்ட அல்லீல் பாதிக்கு மேல் போயிருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது. இன்சுலின் மரபணுப் பகுதியையும் முதல் வகை நீரிழிவையும் பற்றிய அவர்களுடைய தரவில் அப்படிப்பட்ட பெற்றோரிடமிருந்து நோயுள்ள பிள்ளைகளுக்கு நிகழ்ந்த கடத்தல்கள் 124. 78 முறை அந்த அல்லீல் கடத்தப்பட்டது, 46 முறை கடத்தப்படவில்லை. வேறுபாடு 32, அதன் வர்க்கம் 1024, அதை 124-ஆல் வகுத்தால் கை வர்க்க மதிப்பு 8.26. நோயுற்ற பிள்ளைக்குச் சென்ற அல்லீலும் செல்லாத அல்லீலும் ஒரே பெற்றோரிடம் இருந்தவை என்பதால், மக்கள்குழு வேறுபாடு உள்ளே நுழைய வழியே இல்லை. எவ்வளவு சுத்தமான ஒப்பீடு பாருங்கள். விலையும் அதற்கேற்றதுதான்: முதுமையில் வரும் நோய்க்குப் பெற்றோரின் இரத்த மாதிரிக்கு எங்கே போவது? ஒரு நோயாளிக்கு மூவரைச் சோதிக்க வேண்டியிருப்பது இன்னொரு சுமை.

எனவே தொடர்பில்லாத ஆட்களைக் கொண்டே சமாளிக்கும் வழிகளைத் தேடினார்கள். டெவ்லினும் ரோடரும் 1999-இல் சொன்ன வழி எளிமையானது. லட்சக்கணக்கான மாறுபாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு நோயோடு தொடர்பு இருக்க முடியாது. ஆகவே அவற்றின் கை வர்க்க மதிப்புகளின் இடைநிலை அளவு, இன்மைக் கருதுகோள் (எந்தத் தொடர்பும் இல்லை என்ற அனுமானம்) எதிர்பார்க்கும் 0.455-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். உண்மையில் கிடைத்த இடைநிலை அளவை இதனால் வகுத்தால் வருவது லாம்டா. 1-ஐ ஒட்டி இருந்தால் நல்லது, 1.2 என்றால் எங்கோ ஊதிப்போயிருக்கிறது, எல்லா மதிப்புகளையும் 1.2-ஆல் வகுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் யோசனை. ஊதல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கும் என்ற அனுமானம்தான் இதன் பலவீனம். லாக்டேஸ் போல மக்கள்குழுக்களிடையே மிக அதிகமாக வேறுபடும் இடத்துக்கு அந்தத் திருத்தம் போதாது. மற்ற இடங்களுக்கு அது மிகை. ஆயிரக்கணக்கான இடங்களின் சிறுசிறு விளைவுகளால் அமையும் பண்புகளில், மாதிரி பெரிதாகும்போது எந்தக் கலப்பும் இல்லாமலேயே லாம்டா உயரும் என்பதும் பின்னர் தெளிவாயிற்று. 2015-இல் வந்த பிணைப்புச் சமநிலையின்மை மதிப்பெண் தொடர்புப் போக்கு (LD score regression) என்ற முறை, அண்டை மாறுபாடுகள் எந்த அளவு சேர்ந்தே கடத்தப்படுகின்றன என்பதைக் கொண்டு, உண்மையான பலமரபணு விளைவால் வரும் உயர்வையும் கலப்பால் வரும் உயர்வையும் பிரித்துக் காட்டுகிறது. ஆகவே இன்று லாம்டாவை மட்டும் பார்த்து ஓர் ஆய்வைப் பாராட்டுவதும் பழிப்பதும் சரியாகாது.

முதன்மைக் கூறுகள் 2006 முதல் பரவலாயின. ஆட்களை நிரைகளாகவும் மாறுபாடுகளை நிரல்களாகவும் அடுக்கி, ஆட்களிடையேயான வேறுபாட்டின் பெரிய திசைகளைக் கணக்கிடுகிறோம். அந்தத் திசைகள் பெரும்பாலும் வம்சாவளியைக் காட்டும். ஐரோப்பியர் 1,387 பேரின் முதல் இரண்டு கூறுகளைப் புள்ளிகளாகக் குறித்தபோது ஐரோப்பிய நிலப்படமே கிட்டத்தட்ட வரைந்து கிடைத்தது என்பது 2008-இல் வெளியான செய்தி. அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் நினைவிருக்கிறது. முதல் பத்துக் கூறுகளைத் தொடர்புப் போக்கில் துணை மாறிகளாகச் சேர்த்துவிடுவது இன்று பழகிப்போன வழக்கம். செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நீண்ட தூரம் ஒன்றாகவே கடத்தப்படும் பகுதிகளை, குறிப்பாக 6-ஆம் குரோமோசோமின் நோயெதிர்ப்புப் பகுதியையும் 8-ஆம் குரோமோசோமில் தலைகீழாகத் திரும்பிய துண்டையும், முன்கூட்டியே நீக்காவிட்டால் மூன்றாம் நான்காம் கூறுகள் வம்சாவளிக்குப் பதிலாக அந்தத் துண்டைத்தான் காட்டும்.

சில பெரிய திசைகளுக்குள் அடங்காத உறவுகளும் உண்டு: மாதிரியில் தெரியாமல் சேர்ந்துவிட்ட ஒன்றுவிட்ட சகோதரர்கள், சிறிய அகமணக் குழுக்கள். கலப்பு மாதிரிகள் (mixed models) என்னும் கணித அமைப்புகள் இவர்களுக்காக வந்தவை. ஒவ்வோர் இருவருக்கும் இடையிலான மரபணு ஒற்றுமையை ஓர் அணியாக்கி, ‘ஒத்தவர்களின் பண்பும் ஒத்திருக்கும்’ என்பதை மாதிரிக்குள்ளேயே எழுதிவிடுகிறோம். மக்காச்சோள ஆய்வில் 2006-இல் நிலைபெற்ற இந்த வழி, பின்னர் மனிதருக்கும் வந்தது. ஐந்து லட்சம் பேருக்கு அந்த அணியை அப்படியே கையாள எந்தக் கணினிக்கும் மூச்சு முட்டும் என்பதால், போல்ட், செய்ஜ், ரெஜெனி போன்ற கணினி நிரல்கள் குறுக்குவழிகள் கண்டன. நோயாளிகள் சில நூறு பேரும் மற்றவர்கள் சில லட்சம் பேருமாக இருக்கும்போது வழக்கமான பி மதிப்பு (தொடர்பே இல்லாதபோதும் இந்த அளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) தவறிப்போகும். அதைச் சரிசெய்வது செய்ஜின் சிறப்பு.

இவையெல்லாம் இருந்தும் ஏமாந்த கதை ஒன்று உண்டு. வட ஐரோப்பியர்கள் உயரமாக இருப்பதற்கு இயற்கைத் தேர்வே காரணம் என்று 2012 முதல் பல ஆய்வுகள் கூறின. உயரத்தோடு தொடர்புடைய நூற்றுக்கணக்கான இடங்களில் ஒவ்வொன்றிலும் சின்னஞ்சிறு சாய்வு. கூட்டினால் பெரும் சான்று. அந்த விளைவளவுகள் (ஒவ்வோர் இடமும் உயரத்தை எவ்வளவு மாற்றுகிறது என்ற மதிப்பீடுகள்) பல நாடுகளின் தரவைச் சேர்த்துக் கணக்கிட்டவை. பிரிட்டனின் உயிரிவங்கி (UK Biobank) என்ற பெரிய மரபணு, உடல்நலத் தரவுத் தொகுப்பில், ஒப்பீட்டளவில் ஒத்த வம்சாவளியினரை மட்டும் கொண்டு மீண்டும் கணக்கிட்டபோது, 2019-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே அறிவித்தபடி, அந்தச் சான்று பெருமளவு கரைந்துபோயிற்று. தனித்தனி இடங்களின் தொடர்பு பொய்யில்லை. ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த நுண்ணிய கலப்புப் பிழை, கூட்டும்போது ஒரே திசையில் சேர்ந்துவிட்டது. இதன் பிறகுதான் குடும்பத்துக்குள் ஒப்பிடும் பழைய யோசனைக்கு மறுபடியும் மவுசு வந்தது. உடன்பிறந்தோர் 1,78,086 பேரைக் கொண்ட 2022-ஆம் ஆண்டு ஆய்வில் உயரத்தின் விளைவளவுகள் சிறிதே குறைந்தன. கல்வி ஆண்டுகளின் விளைவளவுகளோ ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கின. கல்வியில், பிள்ளையின் மரபணு விளைவு என்று நாம் எண்ணியதில் ஏறத்தாழப் பாதி, பெற்றோர் அமைத்த சூழல், சமூகப் பின்னணி போன்றவற்றிலிருந்து வந்தது.

ஒப்பீடு கெடுவதற்கு வம்சாவளிதான் காரணமாக வேண்டும் என்பதில்லை, ஆய்வகமே போதும். நூறு வயதைக் கடந்தவர்களின் மரபணுக்களைப் பற்றி 2010-இல் வெளியாகிப் பெரும் பரபரப்பை உண்டாக்கிய ஆய்வு மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. முதியோரில் ஒரு பகுதியினரை, டி.என்.ஏ.வைப் படிக்கும் ஒருவகைச் சில்லிலும் மற்றவர்களை வேறுவகைச் சில்லிலும் சோதித்திருந்தார்கள். அவற்றில் ஒரு சில்லு சில இடங்களைத் தவறாகப் படித்தது. இத்தகைய பிழையைப் பிடிக்க ஹார்டி–வைன்பெர்க் சமநிலை இன்றும் உதவுகிறது. ஓர் அல்லீலின் விகிதம் 30 சதவீதம் என்றால், நோயற்ற ஆயிரம் பேரில் அதன் 0, 1, 2 பிரதிகள் கொண்ட மூன்று வகையினரும் முறையே 490, 420, 90 என்று அமைய வேண்டும். 550, 300, 150 என்று வந்தாலும் அல்லீல் விகிதம் அதே 30 சதவீதம்தான். ஆனால் சமநிலைச் சோதனையின் கை வர்க்க மதிப்பு 80-ஐத் தாண்டுகிறது. இரண்டு அல்லீலும் வேறுபட்டவர்கள் 120 பேர் எங்கே போனார்கள்? சில்லு ஒவ்வொருவருக்கும் படித்த ஒளியின் அளவைப் புள்ளிகளாகக் காட்டும் ஒளிச்செறிவு வரைபடத்தைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும்: மூன்று தனி மேகங்களாகப் பிரிந்திருக்க வேண்டிய புள்ளிகளில் நடு மேகம் இருபுறமும் வழிந்து, கணினி நிரல் அதன் ஓரங்களை வெட்டிப் பக்கத்து வகைகளில் சேர்த்திருக்கும். முக்கியமான முடிவு ஒன்று கிடைத்ததும் இந்தப் படத்தைக் கண்ணால் பார்க்காமல் எழுத உட்காரக் கூடாது. நான் ஒருமுறை அப்படி உட்கார்ந்து, மூன்று வாரம் எழுதியதைக் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

இனி, பி மதிப்பின் வாசல். பத்து லட்சம் சோதனைகள் செய்து 0.05 என்ற வழக்கமான அளவை வைத்தால், எதுவுமே உண்மையில்லாதபோதும் ஐம்பதாயிரம் ‘கண்டுபிடிப்புகள்’ வரும். அண்டை மாறுபாடுகள் ஒன்றோடொன்று பிணைந்தே கடத்தப்படுவதால், ஐரோப்பிய வம்சாவளியினரிடம் பொதுவாகக் காணப்படும் மாறுபாடுகளைச் சோதிப்பது ஏறத்தாழப் பத்து லட்சம் தனிச் சோதனைகளுக்குச் சமம் என்று மதிப்பிட்டார்கள். 0.05-ஐப் பத்து லட்சத்தால் வகுத்தால் வருவதே இத்துறையின் புகழ்பெற்ற 5×10⁻⁸. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் பிணைப்பு குறுகியது. தனிச் சோதனைகள் அதிகம். வாசலும் இன்னும் உயரமாக இருக்க வேண்டும்.

கேள்வியில் உள்ள ஆயிரம்–ஆயிரம் இந்த வாசலைத் தாண்டுமா என்று பாருங்கள். அல்லீல் விகிதம் 30 சதவீதம், உண்மையான ஆட்ஸ் விகிதம் 1.2 என்று கொள்வோம்; பொதுவான நோய்களில் இதுவே தாராளமான விளைவு. அப்போது மடக்கை அளவில் விளைவு 0.18, திட்டப்பிழை சுமார் 0.068, எதிர்பார்க்கும் இசட் மதிப்பு (விளைவைத் திட்டப்பிழையால் வகுத்தது) 2.7. 5×10⁻⁸ என்ற வாசலோ இசட் அளவில் 5.45. தாண்டும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. எண்பது சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 5,500 பேர் தேவை. இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது: ஆயிரத்தில் மூன்று முறை தப்பித் தவறித் தாண்டினால், அப்போது மதிப்பிடப்படும் ஆட்ஸ் விகிதம் குறைந்தது 1.45 ஆக இருந்தே தீரும்; அதற்குக் குறைந்த மதிப்பால் வாசலை எட்டவே முடியாது. சிறிய ஆய்வின் வெற்றி, விளைவைப் பெரிதுபடுத்தியே வரும். மறு ஆய்வில் அது சுருங்குவதைக் கண்டு அதிர்ச்சியடைய வேண்டியதில்லை.

96 நோயாளிகளையும் 50 பிறரையும் மட்டுமே வைத்து 2005-இல் ஒரு மெய்யான கண்டுபிடிப்பு வந்ததே என்று கேட்கலாம். முதுமையில் விழித்திரை நடுப்பகுதி சிதைவதற்கும் சி.எஃப்.எச். மரபணுவுக்கும் உள்ள தொடர்பு அது. ஆட்ஸ் விகிதம் 4.6. அத்தகைய பெரிய விளைவுகள் மிக அரிது. மாறாக, மன அழுத்த நோயில் ‘எதிர்பார்க்கத்தக்க’ மரபணுக்கள் என்று சொல்லி இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறு மாதிரிகளில் ஆராயப்பட்ட 18 மரபணுக்களை 2019-இல் லட்சக்கணக்கானோரின் தரவில் சோதித்தபோது, ஏனைய மரபணுக்களைவிட அவை எவ்விதத்திலும் முன்னிற்கவில்லை.

அரிய மாறுபாடுகளுக்கு ஒவ்வோர் இடமாகச் சோதிப்பது பயன்தராது, சுமப்பவர்களே ஓரிருவர்தான். ஒரு மரபணுவுக்குள் உள்ளவற்றைச் சேர்த்து எண்ணும் சுமைச் சோதனை, விளைவுகள் எதிரெதிர்த் திசையில் இருந்தாலும் பிடிக்கும் ஸ்கேட் சோதனை ஆகியவை அதற்கு உண்டு. எங்கே தேடுகிறோம் என்பதும் முக்கியம். கெட்ட கொழுப்பைக் குறைக்கும் பி.சி.எஸ்.கே.9 மரபணுவின் முறிந்த வடிவங்கள் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் மிக அரிது; அமெரிக்கக் கறுப்பின மக்களில் 2.6 சதவீதத்தினரிடம் அவை இருந்தன. அவர்களுடைய கெட்ட கொழுப்பு 28 சதவீதமும் இதயத் தமனி நோய் அபாயம் 88 சதவீதமும் குறைந்திருந்ததாக 2006-இல் வெளியான முடிவு, ஒரு புதிய மருந்து வகைக்கே அடித்தளமாயிற்று.

கடைசியாக, எல்லாத் தடைகளையும் தாண்டி ஓர் இடம் உறுதியானாலும், அது மரபணுவின் பெயரைச் சொல்லிவிடாது. 2007-இல் எஃப்.டி.ஓ. மரபணுவுக்குள் ஒரு சமிக்ஞை இரண்டாம் வகை நீரிழிவுக்குக் கிடைத்தது. உடல் எடைக் குறியீட்டைச் சேர்த்துக் கணக்கிட்டதும் நீரிழிவுத் தொடர்பு மறைந்தது. அது உடல் பருமனின் சமிக்ஞை என்று தெரிந்தது. இரண்டு பிரதிகள் உள்ளவர்கள் சராசரியாக 3 கிலோ அதிக எடை கொண்டவர்கள். ஏழு ஆண்டுகள் எஃப்.டி.ஓ.வை ‘பருமன் மரபணு’ என்றே எழுதினார்கள். 2014-இல், அந்த மாறுபாடுகள் இருக்கும் பகுதி ஐந்து லட்சம் எழுத்துகள் தள்ளியிருக்கும் ஐ.ஆர்.எக்ஸ்.3 என்ற வேறொரு மரபணுவை இயக்குகிறது என்று கண்டறிந்தார்கள். தொடர்பு தொடக்கம் முதலே உண்மையாகத்தான் இருந்தது. தவறிப்போனது, சமிக்ஞை கிடைத்த இடத்துக்குப் பக்கத்தில் எழுதியிருந்த பெயரைப் படித்த விதம்தான்.